இருநூற்றுப் பன்னிரண்டு ஐந்துகள்

அன்ரோனெற் மூன்றாவது முறையாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். முதல் முறை, தலைப்பு மிகவும் அகலம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் அதை வெட்டிக் குறுக்கி அனுப்பினாள். அகலம் போதாது என்றார்கள். இந்த வருடம் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம் உதவித்தொகையோடு ஒரேயொரு ஆய்வு இடத்தை அறிவித்திருந்தது. வயதெல்லை முப்பத்தைந்து. அன்ரோனெற்றுக்கு ஆவணி மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இதையும் கோட்டைவிட்டால் கலாநிதி என்ற சொல்லை இனிப் பேப்பரில்தான் பார்க்கலாம்.

அவளுக்கு வீடு மன்னார் டவுனில். வேலை பக்கத்துக் கடலோரக் கிராமமான தாழ்வுபாட்டில், கருவாடு போடும் பெண்களின் சங்கக் கந்தோரில். கந்தோர் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, காற்றுக்குத் தானாகவே திறக்கும் ஒரு கதவு. பயிற்சி ஒழுங்கு செய்வதும் ஐஸ் பெட்டி எடுத்துக் கொடுப்பதும் வியாபாரிகளோடு பேசுவதும் எட்டு வருடமாக அவள் பொறுப்பு. ஊர் அவளை 'மிஸ்' என்று கூப்பிட்டது. ஒரு நாளும் படிப்பிக்காத ஒருத்தியை மிஸ் ஆக்க எங்கள் பக்கத்தில் கையில் ஒரு பைல் இருந்தால் போதும்.

அவளுடைய ஆய்வு, கருவாட்டு வியாபாரத்தில் நம்பிக்கை பற்றியது. இந்தப் பெண்கள் ஏன் வேறு இடத்தில் விலை விசாரிக்காமல் வருடக்கணக்கில் ஒரே வியாபாரிக்கே கொடுக்கிறார்கள்? நல்ல கேள்விதான். நேர்முகத்துக்கு வரும்போது ஒரு சின்ன முன்னோடி ஆய்வோடு வரும்படி பீடம் எழுதியிருந்தது. அன்ரோனெற் இருபது வசனங்களில் ஒரு வினாக்கொத்துத் தயாரித்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கங்கள். துளியும் உடன்பாடில்லை என்றால் ஒன்று. முழு உடன்பாடு என்றால் ஐந்து.

வீடு வீடாகப் போக அவளுக்கு நேரம் இல்லை. அதனால் இரண்டு வேலை செய்தாள், இரண்டும் பிழையாய்ப் போயின. கட்டோடு படிவங்களைச் சங்கத் தலைவி திரேசம்மாவின் கையில் கொடுத்தாள். ஞாயிறு பூசை முடிவில் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி தேவாலயத்துப் பங்குச் சுவாமியையும் கேட்டாள். சுவாமி நல்ல மனிதர். ஒரு வார்த்தை கேட்டால் நாலு வார்த்தை சொல்லுவார்.

"எங்கட அன்ரோனெற் மிஸ் பெரிய படிப்புக்குப் போகப்போறா. அவவிட சோதினை இப்ப உங்கட கையில இருக்குது. எல்லாரும் நல்லபடியா நிரப்பிக் குடுங்கோ."

சோதினை என்றதும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாலே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் கந்தோருக்கு வந்து சேர்ந்தன. அன்ரோனெற் தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு, ஒரு ஆய்வாளருக்குரிய தோரணையோடு கட்டைப் பிரித்தாள்.

'வியாபாரி எனக்கு நியாயமான விலை தருகிறார்.' ஐந்து. 'வியாபாரி தரும் விலை நியாயமில்லை.' அதற்கும் ஐந்து. 'நான் எப்போதும் விலை பேசுவேன்', 'நான் ஒருபோதும் விலை பேசுவதில்லை', எல்லாவற்றுக்கும் ஐந்து. அடுத்த படிவமும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். கருவாடு ஏற்ற வந்த எருக்கலம்பிட்டி வியாபாரி றிஸ்லான்கூட ஒரு படிவம் கேட்டு வாங்கி நிரப்பியிருந்தார். 'நான் கருவாடு போடும் பெண்' என்ற முதல் வசனத்துக்கு அவரும் ஐந்து.

அன்ரோனெற் ஓடிப்போய்த் திரேசம்மாவைப் பிடித்தாள்.

"என்ன திரேசக்கா இது? எல்லாரும் அஞ்சு போட்டிருக்கினம்!"

"ஓம் மிஸ்," என்றாள் திரேசம்மா, முகம் நிறையப் பெருமையோடு. "அஞ்சுக்கு மேல இருந்திருந்தா அதையும் போட்டிருப்பம். எங்கட சங்கத்து நிருஷாதான் ஒரு வசனத்துக்கு ரெண்டு எண்டு போட்டுக் கொண்டந்தவள். மிஸ்ஸை பெயிலாக்கப் போறியோடி எண்டு பேசிப்போட்டு, நானே ரப்பரால அழிச்சு அஞ்சாக்கிப்போட்டன்."

அன்ரோனெற்றுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தன்னைப் பாஸாக்கக் கங்கணம் கட்டி நின்றால் யாரைத்தான் ஏசுவது? 'தாங்ஸ் அக்கா' என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நேர்முகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மச்சான் பார்த்தீபன் வழி சொன்னான். அவனும் வியாபார நிர்வாகம் படித்தவன், அதனால் இந்த மாதிரி வழிகள் அவனுக்குக் கைவசம் உண்டு.

"அங்கங்க ரெண்டு, மூண்டு எண்டு மாத்தி விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

அன்று பின்னேரம் அன்ரோனெற் கந்தோர்க் கதவுக்குக் கல் வைத்துவிட்டு, உண்மையாகவே ரப்பரை எடுத்தாள். முதலில் வந்தது சின்னராசாவின் மனைவியின் படிவம். விலையைப் பற்றி அவள் என்ன நினைப்பாள்? இரண்டா, நாலா? அன்ரோனெற் யோசித்தாள். அடுத்த படிவத்தை எடுத்தாள், அதற்கும் யோசித்தாள். பொய் எழுதுவதற்குக்கூட அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருடமாக இந்தப் பெண்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஐஸ் பெட்டியின் நிறம் வரை தெரிந்தவளுக்கு, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ரப்பரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நேர்முகம் சூமில் நடந்தது. திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியர் அருள்நாயகி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"முன்னோடி ஆய்வில என்ன கண்டீங்கள்?"

"ஒண்டும் காணேல்லை மேடம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் எனக்கு முழுப் புள்ளி போட்டிட்டினம்."

சுவாமியின் அறிவித்தலில் தொடங்கி நிருஷாவின் இரண்டு வரை ஒளிக்காமல் சொன்னாள். இடது பக்கத்துப் பேராசிரியர் அவசரமாகக் கமெராவை நிறுத்தினார். மைக்கை நிறுத்த மறந்துபோனதால் அவர் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. அருள்நாயகி சிரிக்கவில்லை.

"அவைக்கு உங்களில நல்ல விருப்பம் போல."

"ஓம் மேடம்."

"விருப்பத்துக்குக் கலாநிதிப் பட்டம் குடுக்கேலாது. ரெண்டு கிழமை தாறன். படிவம் இல்லாம ஒரு பத்துப் பேரோட இருந்து கதைச்சு, அவை சொன்னதை எழுதி அனுப்புங்கோ. அதைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்வம்."

மறுநாள் காலை அன்ரோனெற் திரேசம்மாவிடம் போனாள். திரேசம்மா மீன் பிளந்துகொண்டிருந்தாள். அன்ரோனெற் ஸ்கூட்டியை ஓரமாக விட்டுவிட்டு முன்னால் போய் இருந்தாள்.

"திரேசக்கா, உண்மையைச் சொன்னாத்தான் இந்த முறை எனக்குப் பாஸ்."

திரேசம்மா கத்தியை நிறுத்தினாள். "முழு உண்மையோ மிஸ்?"

"முழு உண்மை."

திரேசம்மா சொல்லத் தொடங்கினாள். றிஸ்லான் தரும் விலை டவுன் விலையைவிடக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியுமாம். ஆனால் தன் புருஷனைக் கடலிலிருந்து தூக்கி வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வாகனம் கொண்டுவந்தது அவர்தானாம். அதற்குப் பிறகு எந்த வாயால் விலை கேட்பது? அன்ரோனெற்றின் கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்தது. சந்தோஷத்தில் கடைசிக் கேள்வியையும் கேட்டாள்.

"சங்கத்தால உங்களுக்கு உதவி இருக்குதோ?"

திரேசம்மா கடல் பக்கம் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"கோவிக்கக் கூடாது மிஸ். நீங்கள் வருவீங்கள். ஸ்கூட்டிய ஓஃப் பண்ண மாட்டீங்கள். 'என்ன திரேசக்கா, பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?' எண்டு கேப்பீங்கள். நாங்கள் 'இல்லை மிஸ்' எண்டு சொல்லுவம். நீங்கள் போயிடுவீங்கள். எட்டு வருசமா இதுதானே நடக்குது."

அன்ரோனெற்றுக்கு முகம் சுட்டது. பேனையை விடாமல் கேட்டாள். "அப்ப சங்கத்துக்கு எத்தினை போடலாம்?"

"ரெண்டு."

"இங்க சங்க வேலை எண்டா நான்தானே திரேசக்கா."

"அதாலதான் ரெண்டு மிஸ். வேற ஆளெண்டா ஒண்டுதான்."

மற்ற ஒன்பது பேரிடமும் அவள் அப்படித்தான் இருந்து கேட்டாள். எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு நிறுத்த முடியவில்லை. அனுப்பும் நாள் வந்தபோது திரேசம்மாவின் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அதை விட்டாலும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தான் எட்டு வருடம் குறட்டை விட்ட கதையை யார்தான் தானே எழுதி அனுப்புவார்கள்? பெருமூச்சு விட்டுவிட்டு அதை முதல் பக்கமாக வைத்து அனுப்பினாள்.

அனுப்பிய பதினோராம் நாள் மின்னஞ்சல் வந்தது. இடம் அவளுக்குத்தான். அன்ரோனெற் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தாழ்வுபாட்டுக்குப் பறந்தாள். திரேசம்மா பழைய வலையில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் செதிலும் உப்புமாக இருந்த கையாலேயே இவள் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவளாய்க் கையை எடுத்தாள்.

"நான் சொன்னதை எல்லாம் எழுதினீங்களோ? அந்த ரெண்டையும்?"

"எல்லாம் எழுதினனான்."

"அப்ப உண்மையைச் சொல்லியும் உங்களைப் பாஸாக்கினவையோ?"

"ஓம் திரேசக்கா."

திரேசம்மா நம்பாமல் பார்த்தாள். பிறகு கையைச் சீலையில் துடைத்துவிட்டு, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"அப்ப இருங்கோ மிஸ். இன்னும் சொல்லக் கனக்கக் கிடக்குது."