ஆடிச்சுற்றில் ஒரு ஓடிபி

சங்கரசுப்புவின் கை சட்டைப் பைக்குப் போவதும் வெறுங்கையாகத் திரும்புவதுமாக இருந்தது. போன் அங்கே இல்லை. கோபுர வாசலை ஒட்டிச் செல்போன் வாங்கி வைக்கும் கவுண்டரில் அது கிடந்தது. கோயிலுக்குள் போன் கூடாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு வாசல் பக்கமே உட்கார்ந்துகொள்ளலாம் என்று திட்டம் போட்டு வந்திருந்தார். பேச்சித்தாய் விடவில்லை.

"நாலு சுத்தாவது கூட வாங்க. வருசத்துக்கு ஒருக்க வார ஆடிச்சுத்து. அந்த போனு அரைமணி நேரம் ஒங்க மூஞ்சியப் பாக்கலேன்னா அழுதிராது."

வாசலில் நாலு பேர் கேட்க அப்படிச் சொன்ன பிறகு மறுப்பதற்கு என்ன இருக்கிறது? போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போனார். அப்போது மணி ஒன்பது. பங்குச் சந்தை திறக்கக் கால் மணி நேரம் இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் சங்கரன்கோவிலில் பிராகாரம் சும்மா இருக்காது. நேர்ந்துகொண்டவர்கள் நூற்றியொன்று, அதற்கு மேலும் என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பேச்சித்தாய் இடுப்பில் இரண்டு சுருக்குப்பை செருகியிருந்தாள். ஒரு சுற்று முடிந்தால் வலது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை இடது பைக்குப் போகும். கணக்குத் தப்பாது. அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். ஆனாலும் கொடி ஏறியதிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தாள்.

மனுஷனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இத்தனைக்கும் அவர் ராஜபாளையம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்தவன் இரண்டு நிமிஷம் பிந்தி வந்தால் ஒன்றும் பேசாமல் சிவப்பு மையில் குறிக்கிற ஆள். வேலையை விட்டு வந்ததும் மில்லுச் சங்கு இருந்த இடத்தில் ஒன்பதே கால் மணி வந்து உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து மூன்றரை வரைக்கும் வீட்டில் யார் பேசினாலும் அவருக்கு "உம்" என்ற ஒரே பதில்தான்.

மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மொத்தத்தையும் பேங்கில் டெபாசிட் போட்டிருப்பதாகப் பேச்சித்தாயிடம் சொல்லியிருந்தார். போடவில்லை. கூட வேலை பார்த்த மாரிக்கண்ணன் பங்குச் சந்தையில் போட்டு வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டான் என்ற செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து பேங்க் வட்டி அவருக்கு இளக்காரமாகப் போய்விட்டது. முதலில் கொஞ்சம் போட்டார். ஏறியது. அடடா, இத்தனை வருஷம் சிவப்பு மையோடு காலத்தை வீணாக்கிவிட்டோமே என்று நினைத்தார். அப்புறம் எங்கோ வடக்கே சோலார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில், மாசச் செலவுக்கு என்று ஒரு சிறு தொகையை மட்டும் தனியே வைத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார். கொட்டிய மறுமாதத்திலிருந்து அது இறங்கத் தொடங்கியது.

திருநெல்வேலி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, முட்டி இரண்டையும் மாற்றினால்தான் ஆகும் என்று போன வருஷமே சொல்லிவிட்டார். "டெபாசிட்டை நடுவுல ஒடைச்சா நட்டம் ஏட்டி. தை வரட்டும்" என்றார் சங்கரசுப்பு. தை வந்தது. பங்கின் விலை திரும்பி வரவில்லை. "சித்திரை வரட்டும்" என்றார். இப்போது ஆடி. போட்ட விலை வந்ததும் விற்று, ஒன்றும் தெரியாதவர் போல ஆஸ்பத்திரியில் கட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. நல்ல மனுஷன்தான். தான் தோற்றதை மட்டும் பெண்டாட்டி பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்றில் அவருக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, ஒண்ணுக்கு வருது, இங்கன போயிட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கித் திறந்தார். சோலார் பம்பு சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. கம்பெனி வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லையாம். ஒரு நாளில் இவ்வளவுதான் விழலாம் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தொட்டுவிட்டால் விற்க வரிசை நிற்கும், வாங்க நாதி இருக்காது. அந்த எல்லைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இன்று மாட்டிக்கொண்டால் நாளை, நாளை மறுநாள் என்று தினம் இதே கதைதான்.

விற்றுவிட வேண்டியதுதான் என்று பட்டனை அழுத்தினார். ஓடிபி கேட்டது.

இங்கேதான் வந்தது வினை. சங்கரசுப்பு வேலையில் இருந்தவரை வைத்திருந்தது மில் கொடுத்த சிம். ரிட்டயர் ஆன அன்று அதை மில் திரும்ப வாங்கிக்கொண்டது. ரேஷன் கார்டிலிருந்து ஆதார் வரைக்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும் பேச்சித்தாயின் நம்பர்தான். பங்குக் கணக்கு திறந்தபோதும் அதையே கொடுத்துத் தொலைத்தார். வாங்கும்போது ஓடிபி கேட்பதில்லை. விற்கும்போதுதான் கேட்கும். முன்னே இரண்டு தடவை விற்றபோது அவள் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து அவள் போனை எடுத்து, எண்ணைப் பார்த்துக்கொண்டு, மெசேஜை அழித்துவிட்டிருந்தார். அந்தத் திருட்டு வேலையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது அந்தப் போன் கவுண்டருக்குள், அலமாரியில், அவளுடைய மஞ்சப்பைக்குள் இருந்தது. கண்ணுக்கு எதிரே டிங் என்று ஒரு சத்தம் கேட்டு, பைக்குள் வெளிச்சம் தெரிந்து அணைந்தது.

"அண்ணாச்சி, அந்த மஞ்சப்பையக் கொஞ்சம் எடுங்க. என் வீட்டுக்காரி பைதான்."

"டோக்கன்?" என்றார் கவுண்டர்க்காரர்.

"அது அவகிட்ட இருக்கு. உள்ள சுத்திக்கிட்டிருக்கா."

"அப்போ போய் வாங்கிட்டு வாரும். டோக்கன் இல்லாம எடுத்துக் குடுத்துட்டு நாளைக்கு எவனாவது வந்து என் சட்டையப் புடிச்சா நீரா வே பதில் சொல்லுவீரு?"

"ஒரு நம்பர் மட்டும் பாத்துச் சொன்னாப் போதும்."

"அது அதைவிடத் தப்பு வே. பேப்பர்ல எல்லாம் போடுதான்லா, ஓடிபி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

சங்கரசுப்பு உள்ளே திரும்பினார். வாசலில் நின்றவர் கையை நீட்டி மறித்தார். கையில் போன். மறுபடி கவுண்டர், மறுபடி வரிசை, மறுபடி டோக்கன். பங்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று இனிமேல் பார்க்கவும் முடியாது. அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

உள்ளே ஒரே தலைகள். எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். வேகமாக நடந்து பார்த்தார். பச்சைச் சேலையெல்லாம் பேச்சித்தாயாகத் தெரிந்தது. தொட்டால் வேறு யாரோ. ஒரு சுற்று போய்விட்டது. இப்படிப் பின்னால் துரத்தினால் மூன்றரை மணிதான் ஆகும் என்று சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார். எதிரே வந்த கூட்டம் அவரைத் தோளால் இடித்தது.

"ஏ அண்ணாச்சி, எதிர்ச்சுத்தா சுத்துதீக? புத்தி கித்தி இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"இல்லம்மா" என்றார் இவர். அன்று காலையிலிருந்து தன்னைப் பற்றி அவர் பேசிய முதல் உண்மை அதுதான்.

வடக்குப் பிராகாரத்தில் அவள் வந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உதடு அசைய, வலது காலை இழுத்து இழுத்து. இவர் திரும்பி அவளோடு சேர்ந்துகொண்டார்.

"ஏட்டி, ஒன் போன் டோக்கனக் குடு. நம்ம பெரிய மக கூப்பிடுதேன்னு சொல்லியிருந்தா. அவசரமா இருந்தாலும் இருக்கும்."

அவள் நிற்கவில்லை. சுற்றில் நிற்கக் கூடாது என்பது அவள் வைத்திருந்த விரதம்.

"ஓடிபியா?" என்றாள்.

சங்கரசுப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் வந்தவர் முதுகில் மோதி, "நடங்க சார்" என்று தள்ளினார். நடந்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா மெசேஜும் என் நம்பருக்குத்தான வருது. நீங்க ஒண்ணு ரெண்டை அழிச்சிருப்பீய. மத்தது நீங்க வீட்ல இல்லாதப்பவும் வரும்லா. பங்கு வந்துருச்சு, பங்கு வந்துருச்சுன்னு இங்கிலீசுல வந்துகிட்டே இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஷமீரா ஆடிட்டர் ஆபீஸ்லதான வேலை பாக்கா, அவகிட்டக் காட்டுனேன். வாசிச்சுச் சொன்னா, விக்கணும்னா இந்த நம்பருக்கு ஓடிபி வரும்னும் சொன்னா."

"எப்போ?"

"மார்கழியில."

மார்கழியிலிருந்து! சித்திரை வரட்டும் என்று அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னபோது இவள் எல்லாம் தெரிந்துகொண்டு "சரிங்க" என்றிருக்கிறாள். சங்கரசுப்புவுக்குக் காது சுட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அதை மறைக்கக் கோபப்பட்டுப் பார்த்தார்.

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய்யத் தேடணும். அதுக்கு வேற ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடப்பீய."

கொடிமரத்தைக் கடந்தார்கள். அவள் குனியாமல், நடந்துகொண்டே ஒரு புளியங்கொட்டையை எடுத்து மறு பையில் போட்டாள்.

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு முட்டிக்காகச் சுத்துதியே, இது இன்னும் கெட்டுத்தான் போகும்" என்றார், பேச்சை மாற்றுகிறவர் போல.

"முட்டிக்கு யாரு சுத்துனா? முட்டிக்குத் திருநெல்வேலியில ஆஸ்பத்திரி இருக்கு. ஒங்க ஷேருக்கு எந்த ஆஸ்பத்திரி இருக்கு? அதுக்குத்தான் நேர்ந்துகிட்டேன்."

அந்தச் சோலார் பம்பு கம்பெனிக்காரன் கடன் கட்டாததற்கு இந்தக் கால்கள் இரண்டும் பிராகாரத்தில் தேய்ந்துகொண்டிருந்தன. அழுகை வந்தது. கோயிலில் அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது ஒரு வசதி.

பேச்சித்தாய் சுருக்குப்பைக்குள் துழாவி டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஆனா இப்ப விக்காதீய. இன்னும் பாதிக் கொட்டை கெடக்கு. முடிச்சிட்டா ஏறிரும்."

வெளியே வந்து, இரண்டு டோக்கனைக் கொடுத்து, இரண்டு போனை வாங்கினார். கவுண்டர்க்காரர் ஒரு மாதிரி பார்த்தார். திறந்தால், விழுந்த பங்கு எல்லையைத் தொடாமல் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. பச்சையில்லை, ஆனால் எழும்பியிருந்தது. அவள் சொன்னது போலவே. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால், இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்று அவருடைய விரல் பழைய பழக்கத்தில் அப்படியே நின்றது. இதே மாதிரி நின்று நின்றுதான் தையும் சித்திரையும் போயின. உள்ளே இருப்பவள் ஏறும் ஏறும் என்று நடப்பாள், வெளியே இருப்பவன் ஏறும் ஏறும் என்று பார்ப்பான், அப்புறம் முட்டிக்கு என்ன மிஞ்சும்?

விற்கும் பட்டனை அழுத்தினார். அவள் போன் டிங் என்றது. ஆறு எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். மெசேஜை அழிக்கவில்லை.

விற்றாயிற்று. வந்த தொகையைப் பார்த்தார். போட்டதில் பாதி. போனை அணைத்தார். இரண்டையும் திரும்ப மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்து ஒரே டோக்கனாக வாங்கிக்கொண்டார். மணி பத்துகூட ஆகவில்லை. உள்ளே போகும்போது கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டது, சும்மா திரும்பியது.

இந்தத் தடவை அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் ஓரமாக நின்றார். அவளே சுற்றி வந்தாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"வித்தாச்சா?"

"வித்தாச்சு."

"நான்தான் பொறுங்கன்னு சொன்னேன்லா."

"பொறுத்தது போதும் ஏட்டி."

"எவ்வளவு போச்சு?"

"பாதி."

அவள் பிராகாரத்தின் ஒரு பக்கத்தை நடந்து முடித்தாள். முப்பது வருஷம் மில்லில் உட்கார்ந்து அவர் சேர்த்ததில் பாதி அது. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மிச்சத்துல முட்டி ஆயிருமா?" என்று கேட்டாள்.

"ஆயிரும். மாசச் செலவுக்கு இன்னும் கொஞ்சம் பேங்க்ல போடணும். இந்தத் தடவை நெசமாவே போடுதேன், நீயும் கூட வா. அது போக..." அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். "அது போக ஒரு முட்டிக்குத்தான் காணும்."

"அப்போ வலதைச் செய்வோம். அதுதான் ரொம்ப இழுக்கு."

"சரி. வா, வெளிய போவோம். ஷேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனி எதுக்கு இந்தக் காலோட சுத்துத?"

பேச்சித்தாய் வலது பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள்.

"இதுவரைக்கும் சுத்துனது ஒங்க ஷேருக்கு. இனிமே சுத்துறது இடது முட்டிக்கு" என்று அதை இடது பையில் போட்டுவிட்டு நடந்தாள்.