நான்காவது நம்பர்

சத்தியராஜ் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இருமினால் அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே அவருடைய வீட்டு டிவியில் கேட்கும். இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு தொண்டைச் செருமல். காலை ஆறரைக்கு ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. முதல் வாரம் ஊரே வந்து கேட்டுவிட்டுப் போனது. இரண்டாம் வாரம் வந்தவர்கள் ஃபோனுக்குச் சார்ஜ் போட வந்தவர்கள். எங்கள் ஊர் எதையும் பத்து நாளுக்கு மேல் வியந்துகொண்டிருக்காது, அதற்கு வேறு சோலி இருக்கிறது.

சத்தியராஜ் கம்பி கட்டும் வேலைக்காக வளைகுடாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஐந்து வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் ஃபோன் வந்தது. பிறகு கம்பெனியை மூடினார்கள், ஃபோன் நின்றது. கூட இருந்தவர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். மனைவி குளோரி காத்திருந்தாள். சும்மா உட்கார்ந்து காத்திருக்க முடியாது என்பதால் கோழி வளர்த்தாள், மகள் ஜினியை நர்சிங் படிக்க வைத்தாள், சாயங்காலம் வெளிநாட்டு ஜெபச் சேனல் ஒன்றைப் பார்ப்பதற்காக மாடியில் பெரிய டிஷ் வைக்கச் சொன்னாள்.

டிஷ் வைக்க வந்தவன் கோட்டாற்றுக்காரன் ஷாஜன். அந்தச் சேனல் தானாகச் சிக்கவில்லை. வானத்திலிருந்து வருகிற சிக்னலில் நூறு சேனலின் படமும் சத்தமும் கலந்தே வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஃபில்டரில் நாம் போடுகிற நம்பரை மட்டும் பாக்ஸ் உள்ளே விட்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் என்று விளக்கினான். ஜினி அந்த நம்பர்களை நெட்டில் தேடி ஒரு துண்டுத்தாளில் எழுதி, பைபிளுக்குள் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனாள். எங்கள் பக்கம் பத்திரமான இடம் என்றால் பைபிள்தான், ரேஷன் கார்டிலிருந்து தடுப்பூசி அட்டை வரை அதற்குள்ளே கிடக்கும். குளோரியின் பைபிளில் இன்னொரு துண்டும் கிடந்தது. ஊரில் இருந்த காலத்தில் ஞாயிறு ஆராதனைக்கான பாட்டு நம்பர்களை சர்ச்சுப் பலகையில் மாட்டுவது சத்தியராஜின் பொறுப்பு. பயணத்துக்கு முந்திய ஞாயிறு அவர் கைப்பட எழுதிய நான்கு நம்பர்கள் அதில் இருந்தன. மூக்குக்கண்ணாடி இல்லாமல் குளோரி எடுத்துக் கொடுத்தது அந்தத் துண்டை. ஷாஜன் நான்கையும் போட்டு ஓகே அமுக்கினான். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தியராஜ் இருமினார்.

நான்கு நம்பரும் சேர்ந்து வந்தபோது ஒரே சந்தை இரைச்சல். ஷாஜன் ஒவ்வொன்றாகத் தனியே விட்டுப் பார்த்தான். முதலாவதில் மணல் காற்று. இரண்டாவதில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். மூன்றாவதில் இருமல். நான்காவதில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடைத்துவிடச் சொன்னாள் குளோரி. அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. காலை இருமல் கேட்ட பிறகுதான் காப்பி குடிப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை, இவள் கூப்பிட்டது அங்கே கேட்டதாகவும் இல்லை. வெறும் இருமலை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? ஆளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் ஏங்கியது. "கஷாயம் வச்சுக் குடிச்சா என்ன?" என்று டிவியைத் திட்டுவாள், திட்டிவிட்டு அழுவாள்.

இந்த வருஷம் தை மாதம் ஜினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே வாரம் இருமல் நின்றது. நாற்பது நாள் ஒன்றும் வரவில்லை. கல்யாண அட்டை அச்சடிக்க வேண்டும். அட்டையில் இறந்தவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். அது அச்சில் ஏறிவிட்டால் பிறகு அந்த ஆளை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சத்தியராஜின் அண்ணன் ரசலையன் கெட்ட மனிதர் அல்ல. அந்த வார்த்தை போட்ட அட்டை மாதிரியோடு வந்து வெகுநேரம் கோழிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ள, மாப்பிள்ள வீட்டுல கேக்காவ. எத்தன நாளைக்கு இப்பிடி இருக்கது? அந்த வார்த்தயப் போட்டிருவோம்."

"இருமல் நின்னாச் செத்தாச்சா அத்தான்? சொகமாயிருக்கும்."

வீட்டு ஜெபம் வைத்து, போதகர் முன்னால் முடிவு செய்வதென்று ஆனது. அன்று காலை குளோரி ஷாஜனை வரவழைத்து நான்காவது நம்பரைத் திறக்கச் சொன்னாள்.

"அக்கா, அதுல ஒண்ணும் வராது. அண்ணைக்கே பாத்தோமில்லியா?"

"அண்ணைக்கு நாம ரெண்டு பேரும் மூச்சு விடாம இருந்தோம் மக்கா. தொறந்து விடு."

ஷாஜன் மூன்றாவதை அடைத்து நான்காவதைத் திறந்தான். ஜெபத்துக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், அவர்கள் பேச்சு இரைச்சலில் டிவியை யாரும் கவனிக்கவில்லை. என்ன பாட்டு என்று போதகர் கேட்டபோது குளோரி சத்தியராஜ் எழுதிய அந்தத் துண்டை நீட்டினாள். பாடத் தொடங்கினார்கள். டிவியிலும் அதே பாட்டு இரண்டு விநாடி பிந்திக் கேட்டது, முற்றத்தில் கொக்கரித்த கோழி உட்பட. பாக்ஸில் மைக் எதுவும் கிடையாது என்று ஷாஜன் போதகரின் காதில் சொன்னான். அந்த நம்பரில் வந்துகொண்டிருந்தது இந்த வீடுதான். இத்தனை நாளும் இந்த வீட்டுச் சத்தம் எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான்காவது பாட்டை நாற்பத்து மூன்று பேரும் முடித்தார்கள். இரண்டு விநாடி கழித்து டிவியிலும் முடித்தார்கள். அதற்கும் பிறகு ஒரே ஒரு ஆள், கட்டைக் குரலில், கடைசி அடியை மட்டும் இன்னொரு தடவை பாடினார். எல்லாரும் முடித்த பிறகு சர்ச்சில் அப்படிப் பாடுகிற பழக்கம் ஒருவருக்குத்தான் இருந்தது.

போதகர் ஆமென் சொன்னார். ரசலையன் முற்றத்தில் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஃபோன் போட்டார். "அந்த வார்த்தய எடுத்திரும். ஆமா. வேற ஒண்ணும் மாத்தண்டாம்."

அட்டை வந்த அன்று குளோரி அதை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். நாள், நேரம், சர்ச், பெண்ணின் அப்பா பெயர். வாசித்து முடித்து, "வரணும், கேட்டியளா. வர ஏலாதுன்னா பாடவாவது செய்யணும்" என்றாள். இரண்டு விநாடி கழித்து அவள் குரலிலேயே அது திரும்பி வந்தது. பிறகு இரண்டு சின்ன இருமல், ஒரு தொண்டைச் செருமல்.

"சொகமாயாச்சுன்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே, கஷாயத்துக்குச் சுக்கு எடுக்க அடுக்களைக்குப் போனாள்.