பாதித் தொட்டி

வெள்ளைப் பலகையில் நான் கணக்குப் போட்டு வரைந்திருந்த தொட்டியை எல்லோர் முன்னாலும் கட்டைவிரலால் அழித்துவிட்டு, அதில் பாதியளவுக்கு இன்னொன்றை வரைந்தார் திட்ட மேலாளர். "இவ்வளவு போதும். கடல் மேடை இதுக்கு மேல எடை தாங்காது." திட்ட மேலாளர் என் கணவர். ஆபீசில் நானும் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். "போதாது சார்," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

கடலடியில் ஒரே குழாயில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வருகின்றன. சேர்ந்து வருகின்றனவே தவிர ஒத்துப்போவதில்லை. குழாய் இறங்கி ஏறும் பள்ளங்களில் எண்ணெய் படுத்துக்கொள்ளும். பின்னால் வாயு முட்டிக்கொண்டு நிற்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே தள்ளாகத் தள்ளும். மொத்த எண்ணெயும் திரண்டு, கடலுக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் மேடைக்கு ஏறி வரும். அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்தத் தொட்டி. அது நிரம்பி வழிந்தால் எண்ணெய் கம்ப்ரசருக்குள் போகும். வாயுவை மட்டுமே விழுங்கத் தெரிந்த இயந்திரம் அது, சிதறிவிடும். பக்கத்தில் நிற்பவனின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதையும் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"ஆபரேட்டர் பாத்துக்குவான்," என்றார் அவர். "வால்வை மெதுவாத் திறக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேடையில் ஆபரேட்டர் என் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காததுபோல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"மச்சான் கெட்டிக்காரன்டி. உனக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?"

"பாதித் தொட்டிய நீங்க வச்சுட்டு, மீதிய அவன் தலையில கட்டறீங்க. அதுக்குத்தான் கோவம்."

தம்பிக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரை அழுத்தி அவர் கையில் திணித்தேன். "அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"என்ன மாமா, அதிசயமா இருக்கு! அக்கா அடிச்சுத் துரத்திட்டாளா?" பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் கத்தித்தான் பேசினான்.

இவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்லடா. புதுக் குழாய் வருதில்ல, அதுக்குத் தொட்டி கொஞ்சம் சின்னதா வைக்கலாம்னு இருக்கோம். வால்வை மெதுவாத் திறந்தா சமாளிச்சுடுவ இல்ல?"

"அக்கா போட்ட கணக்குதானே மாமா? அப்புறம் எனக்கென்ன பயம்?"

அவர் என்னைப் பார்த்தார். அது என் கணக்கு இல்லை என்று சொல்ல வேண்டியது அவர், சொல்லட்டும். அவர் கட்டைவிரலில் பலகையின் கறுப்பு மை இன்னும் போகவில்லை. அந்த விரலைப் போனின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா? கேக்குதா?" என்று கத்தினான் தம்பி.