பேசின பாட்டில்

நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு அத்தை பாட்டில்களை இரண்டிரண்டாக இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் சாமான் அறைக்குள் நுழைந்தபோது மேல்தட்டில் இருந்த பீன்ஸ் பாட்டில்களில் பாதி தரைக்கு வந்துவிட்டிருந்தது.

"என்ன பண்றீங்க அத்தை?"

"பக்கத்து வீட்ல அடுப்பு மூட்டியாச்சுடி. வந்த சனம் சாப்பிட வேணாமா? கடையில வாங்கிடலாம்ங்கிறாரு உங்க மாமா. எங்க அண்ணன் வீட்ல, அதுவும் அவரு போய்ச் சேந்த அன்னிக்கு, கடைக் காயா? தோட்டத்துல உப்பு வெளைய மாட்டேங்குதேன்னு வருத்தப்பட்ட மனுஷன்டி அவரு." அத்தை சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு போயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலு பாட்டில் நான் எடுத்துட்டுப் போறேன். அவர் ஞாபகமா இருக்கட்டும்."

"கீழ எறங்குங்க."

"ஏன், கெட்டா போயிருக்கு? பாரு." கட்டைவிரலால் மூடியை அழுத்திக் காட்டினாள். மூடி அசையவில்லை. "பேசின பாட்டில்டி."

அது இந்த வீட்டுப் பேச்சு. கொதிக்கிற அண்டாவிலிருந்து எடுத்த பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வீடே காது கொடுத்துக்கொண்டிருக்கும். சூடு ஆற ஆற மூடி 'டொக்' என்று உள்வாங்கும். "பேசிடுச்சு" என்பார் அப்பா. பேசின பாட்டில் தட்டுக்குப் போகும். பேசாதது ஊமை, அதை அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். சந்தைக்குக் காய் ஏற்றிய லாரியிலேயே பூச்சிமருந்து மூட்டையும் ஏற்றி ஓட்டிய டிரைவர் அவர். அந்த விஷம் என் வீட்டு வாசப்படியை மிதிக்கக்கூடாது என்று லாரியை விட்டு இறங்கியவர். விதைத்ததும் அறுத்ததும் அடைத்ததும் எல்லாம் சொந்தக் கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பாட்டிலில் அடைத்த காய் ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காற்றே புகாத பாட்டிலுக்குள் ஒரு கிருமி வளர்ந்து விஷம் கக்குமாம், அந்த விஷம்தான் அப்பாவை முடக்கியதாம். வெறும் கொதிதண்ணீருக்கு அது சாகாது. பிரஷர் குக்கரில் வைத்திருக்க வேண்டுமாம். வாடை வராது, ருசி மாறாது. புளிப்புப் போட்டு அடைத்ததென்றால் பயமில்லையாம். பீன்ஸில் என்ன புளிப்பு இருக்கிறது?

முதலில் அப்பாவின் இமைகள் தொங்கின. பிறகு நாக்கு குழறியது. பிறகு மூச்சையும் மெஷின்தான் விட்டது. "மனசு முழிச்சுதான் இருக்கும்மா, நீங்க பேசறது கேக்கும்" என்றாள் நர்ஸ். என்ன பேசுவது? இத்தனை வருஷம் படித்ததில் இதை ஒருத்தனும் சொல்லித் தரவில்லையே என்று அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வெளியே வந்து எல்லாரிடமும் நரம்புக் கோளாறு என்று சொல்லிவிட்டாள்.

"எறங்குங்கன்னு சொல்றேன்ல. அப்பா யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அத்தை திரும்பினாள். "எப்போ?"

"ஆஸ்பத்திரியில."

"வாயே அசையலையேடி அவருக்கு. உங்கிட்ட மட்டும் எதால சொன்னாரு?"

அத்தை முன்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணி! இங்க வாங்க. உங்க டிகிரிப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு வந்து கேளுங்க."

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். பின்னாலேயே மாமாவும், இன்னும் நாலு பேரும்.

"எடுத்துக்கட்டும், விடு" என்றாள் அம்மா. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் தரையில் இருந்த பாட்டில்களைப் பார்த்ததும் குரலில் ஏதோ ஏறியது. "இது நான் அடைச்சது. போன மாசம் அவர் வேலி கட்டிட்டிருந்தாரு, தனியா நானே அடைச்சேன். எல்லாம் பேசிச்சு. ஒண்ணுகூட ஊமையாகல. படுக்கையில விழறதுக்கு மொத நாள் வேலிகிட்ட ஒரு பாட்டில் கொண்டுபோய்க் குடுத்தேன். சூடு பண்ணித் தரேன்னா கேக்கல, அப்படியே தின்னாரு. உனக்கு வச்சிருக்கேன்னு சொல்லிச் சொல்லியே முழுசையும் முடிச்சாரு."

அறையில் ஒருத்தி விசும்பினாள்.

மகள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்த் தட்டுக்கு முன்னால் நின்றாள். "இந்த ரூம்ல இருக்கிறது எல்லாம் எனக்கு. எங்கப்பா எனக்குச் சேத்தது. ஒருத்தரும் ஒண்ணையும் தொடக்கூடாது."

"அடிப்பாவி" என்றாள் அத்தை. "இன்னும் எடுக்கக்கூட இல்ல, அதுக்குள்ள பங்கு பிரிக்கிறியா? பீன்ஸுக்காடி?"

"ஆமா. பீன்ஸுக்குத்தான்."

"படிச்ச புள்ளல்ல" என்றார் மாமா. "எல்லாத்துலயும் கணக்காத்தான் இருக்கும். நான் கடைக்கே போறேன்."

யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். மகளுக்குக் காது எரிந்தது. சொல்லட்டும். பேராசைக்காரி, கல்நெஞ்சுக்காரி, என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். அத்தை நாற்காலியிலிருந்து இறங்கினாள். பாட்டிலை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப வைத்தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வருகிற மாதிரி. அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் கடைக் காயில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தை சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

வெயில் சாய்ந்ததும் மகள் சாவியை அறைக் கதவிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்தின் கோடியில் குழி தோண்டினாள். மண் இளகின மண். அப்பா கிளறிக் கிளறிப் பொடியாக்கி வைத்தது. மண்வெட்டி தன்பாட்டுக்கு இறங்கியது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பாட்டிலைத் திறக்காமல் புதைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மா கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. எலி விழுந்தது என்று சொல்லலாம். மூடிய பாட்டிலுக்குள் எப்படி விழும்?

செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா பெரிய பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். குழிக்கரையில் இறக்கி வைத்தாள். உள்ளே பாட்டில்கள், எல்லாம் பீன்ஸ். எலுமிச்சை இல்லை, தக்காளி இல்லை, வினிகரில் போட்ட வெள்ளரி இல்லை.

"இது மட்டுந்தானே?" என்றாள் அம்மா.

மகள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். பிறகு குனிந்து முதல் பாட்டிலை எடுத்துக் குழியில் படுக்க வைத்தாள். கண்ணாடியோடு கண்ணாடி இடிக்காமல் இருக்க நடுவில் மண்ணைத் தள்ளினாள்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் போயிருந்தாள். நாலு நாளாக யாரும் தொடாத கொடியில் பீன்ஸ் கொத்துக் கொத்தாக முற்றித் தொங்கியது. அம்மாவின் கை அதுபாட்டுக்கு நீண்டது. கிள்ளியது, முந்தானையில் போட்டது, அடுத்ததற்குப் போயிற்று. முந்தானை நிறைந்து தொங்கியதும் அம்மா இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்து ஓரடி வைத்தாள். நின்றாள். குழிப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் வரவில்லை. வேலியோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.