அம்மா வாய் திறந்தாள்

சரக்குப் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வெல்டர் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்து வந்திருந்தான். அந்தப் படகில் போன தம்பி வீடு திரும்பவில்லை.

“வாயைத் திறங்கம்மா,” என்றாள் பஞ்சுக் குச்சியோடு வந்த கூடத்துப் பெண். “கன்னத்துல உள்பக்கமா லேசா தடவிக்குவேன். வலிக்காது.”

அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அவள் எச்சில் கொடுக்காதவரை சின்னவன் எங்கேயோ உயிரோடு இருந்தான்.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. “என்னோடதை எடுத்துக்கோங்க. கூடப்பிறந்தவன்தானே, ஒத்துப்போகாதா?”

“போகலாம். அம்மா கொடுத்தாலும் உங்களோடதையும் எடுத்துதான் ஒப்பிடுவோம். டிஎன்ஏ முறுக்கின ஏணி மாதிரி. ஒவ்வொரு படியும் ரெண்டு துண்டு. துண்டுல ஏ, டி, ஜி, சி-ன்னு நாலு வகை. ஏ-க்கு ஜோடி டி, ஜி-க்கு ஜோடி சி. மாறி உட்காராது. ஒரு பக்கம் தெரிஞ்சா மறுபக்கத்தைச் சொல்லிடலாம். நமக்குள்ள இருக்கிற ஏணிகள்ல பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது.”

“என் பட்டறை மாதிரி கண்டதையும் ஒட்ட முடியாதுங்கிறீங்க,” என்று சிரிக்கப் பார்த்து, வாயைத் திறந்தான்.

அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். “அவனோடது வேண்டாம்மா. பொருந்தாது.”

“ஏம்மா?”

“பொருந்தலைன்னா சின்னவன் இங்க இல்லைன்னு சொல்லிடுவீங்க. இவன் காலம்பூரா அவனைத் தேடி அலைவான்.” அம்மா மூத்தவன் பக்கம் திரும்பவே இல்லை. “இவனை நான் பெறலை. பிரசவத்துல போன என் சிநேகிதியோட பிள்ளை.”

வெல்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. குச்சி அம்மாவிடம் போனது. இப்போது அவள் மறுக்கவில்லை.

சில நாள் கழித்து ஓர் உடல் அவளோடு பொருந்தியது. வெல்டர் தம்பியைத் தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான்.

அன்று மாலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவிடம் கேட்டான்: “எதுக்கும்மா சொன்னே? தெரியாமலே போயிருக்கலாமே.”

“சின்னவனை யாரோ எவரோன்னு புதைக்க விடச் சொல்றியா?” அவள் குரல் உடைந்தது. “எனக்கு இனிமே யாருடா இருக்கா?”

நான் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தான். முன்பென்றால் யோசிக்காமல் வந்திருக்கும் வார்த்தை. இன்று வரவில்லை. அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துப் பாதங்களை மூடினான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.