மேல்மாடியில் ஓடும் கோச்சி

...இது கரி எஞ்சின் இல்லை, கரி எஞ்சினுக்கு ஒரு பக்கச் சக்கரம் தேய்ந்திருப்பதால் தண்டவாள மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நொண்டல் கேட்கும், இது சீராகப் போகிறது, அப்படியென்றால் டீசல், ஆனால் யார் அதை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தது, என்று சிவஞானம் கையிலிருந்த வயர்ச் சுருளை மேசையில் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். பார்க்க என்ன இருக்கிறது, பலகை, பலகைக்கு நடுவே ஒட்டடை, அதற்கு மேலே அந்த அறை. பூட்டிவைத்த அறை. அக்கா இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே அவர் பூட்டிவிட்டு, இதைத் திறக்காதே என்று மனைவி விஜயலெட்சுமியிடம் சொன்னார், அவளும் தலையாட்டினாள், தலையாட்டினால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தமா, கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது தெரியவில்லையே. சாவியை ஆணியில் தொங்கவிட்டது யார் தவறு? அக்கா கேட்டிருப்பாள், அது என்ன அறை, ஏன் பூட்டியிருக்கு என்று, விஜயாவுக்குப் பொய் சொல்லப் பொறுமை கிடையாது... இப்போது தெமோதரை வளைவில் சுற்றுகிறது, சத்தம் மெலிகிறது, சுரங்கம், ஆமாம், வெளியே வந்துவிட்டது. "என்ன ஞானம், மேலயே பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க, பல்லி விழுந்திச்சா?" என்றார் எதிரே நின்ற ஸாஹிர் நானா, பக்கத்துத் துணிக்கடைக்காரர், மூன்று மீட்டர் வயர் வாங்க வந்தவர். பிறகு அவரும் காதைக் கொடுத்தார். "ஓ, கோச்சியா! மண்சரிவுக்குப் பொறகு லைன்ல ஒரு பெட்டியையும் காணல்ல, பதுளைக்கு ஒங்கட கோச்சி மட்டுந்தான் டைமுக்கு வருது."

சிரிக்க வேண்டிய இடம். சிவஞானம் சிரித்தார், வயரை அளவுகோலில் வைத்து இழுத்தார், ஒன்று, இரண்டு... உண்மையில் அது தெமோதரையும் இல்லை, சுரங்கமும் இல்லை, ஒட்டுப்பலகையும் பழைய பத்திரிகைக் கூழும் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளும் கொண்டு அவர் செய்த பொம்மை ரயில் பாதைதான். ஆனால் காதுக்கு அது தெரியாது. பண்டாரவளையில் பழைய சாமான் கடையொன்றில் முதல் எஞ்சினை வாங்கினார், ஏதோ துரை பங்களாவைக் காலிசெய்தபோது வந்தது, சக்கரம் சுழலாது, அதைச் சுழலவைக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது, பிறகு ஒன்று, பிறகு ஒன்று, மகள் யசோதினி டோஹாவுக்கு வேலைக்குப் போன பிறகு பெட்டி பெட்டியாக. கொழும்பில் இப்படிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பெட்டியைப் பிரிக்காமல் கண்ணாடி அலுமாரியில் அடுக்குவார்கள், பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். ஓடாத கோச்சிக்கு என்ன மதிப்பு? பதுளை ஸ்டேசன் யார்டில் ஓடாமல் நின்ற கோச்சி எது? ஸாஹிர் நானாவின் வாப்பாவுடைய துணிக்கடையில் சிவஞானம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு துணிப்பொதி இறக்கப் போவார், மாவு வேகன், உர வேகன், எண்ணெய்த் தாங்கிகள், அந்தப் பக்கம் தேயிலைப் பெட்டி ஏறும், இந்தப் பக்கம் அரிசி இறங்கும், எண்ணெயும் தேயிலைத் தூசியும் கலந்த ஒரு வாடை சட்டையிலேயே வீட்டுக்கு வரும், ஊரே அந்த இரண்டு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதையெல்லாம் செய்துவைத்திருக்கிறார். அதை அக்கா பார்க்கட்டும், பார்த்தால் சந்தோசம்தான். யார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே பிளாட்பாரம், அதுதான்...

அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அவள் வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் நினைத்தார். போய் நிற்பார், கையை நீட்டுவார், வந்துவிடுவார். பாக்கெட்டில் வருகிற குட்டி மனிதர்கள் எல்லாம் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், தொப்பியைப் பிளேடால் சீவி, முகத்துக்குக் கறுப்பு அடித்து, சாக்லேட் தாளில் சேலை வெட்டி, அப்படித்தான் அம்மா பிறந்தாள், அப்பா பிறந்தார், தகரப்பெட்டியோடு நிற்கிற ஜனங்கள் பிறந்தார்கள். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளை, இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. அக்கா இராக்கம்மா. எழுபதுகளில் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த தோட்டத்து ஜனங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு தலைமன்னார்க் கப்பலுக்குப் போன கோச்சி. அவருக்கு அப்போது ஐந்து வயது இருக்கும், ஆனால் நேற்று நடந்தது மாதிரி எல்லாம் தெரியும், எண்ணெய் தடவிய அம்மாவின் வகிடு தெரியும், போர்ட்டரின் தொப்பியில் மேலே ஒரு ஓட்டை தெரியும், பெட்டிகளின் கூரையில் மழைத்தண்ணீர் ஓடுவது தெரியும், முன்னால் கரி எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு... இதில்தான் ஒரு இடறல். அந்தக் காலத்தில் இந்தக் கோச்சியை இழுத்தது டீசல் எஞ்சின் என்று படித்திருக்கிறார், ஒரு முறையல்ல, பல முறை, படமும் பார்த்திருக்கிறார். அப்படியிருந்தும் கண்ணை மூடினால் புகை வருகிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. புகை பொய்யாக இருக்கலாம், அந்தக் கத்தல் பொய்யாக இருக்க முடியாது, காதுக்குள்ளேயே வந்து கத்தினாற்போல, போக மாட்டேன் போக மாட்டேன் என்று... ஐம்பது வருடமாக அது நின்றதில்லை.

எதற்காக அவளை அனுப்பினார்கள்? அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை, அவர்களுக்கு இந்தியா கிடைத்தது, அப்பா இங்கே பிரஜாவுரிமை கேட்டிருந்தார், தோட்டத்தில் பட்டினி, அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஒன்று அங்கே இருக்கட்டும் ஒன்று இங்கே இருக்கட்டும் என்று அப்பா பிரித்தார், விதைநெல்லை இரண்டு இடத்தில் வைக்கிற மாதிரி. அப்பா அதைச் சொல்லும்போது குரல் மாறாது. சரி, ஏன் அவள் அங்கே, ஏன் நான் இங்கே? பொம்பளைப் பிள்ளை என்பதாலா? கூடலூர்ப் பக்கம் தேயிலை பறித்து, கல்யாணம் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, புருசனை அடக்கம்பண்ணி, இவ்வளவும் ஆன பிறகு வந்திருக்கிறாள், கொழும்பிலிருந்து கோச்சியில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள், பாதை மூடிக்கிடந்ததால் பஸ்ஸில் வந்தாள். வந்த நாளிலிருந்து மரக்கறி விலை பேசுகிறாள், நமுனுகுலை மலையைப் பார்த்து அட அங்கேயேதான் இருக்கு என்கிறாள், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டு, ஏண்டா என்னை அனுப்பிட்டு ஒன்னை வச்சிக்கிட்டாங்க என்று அவள் திருப்பிக் கேட்டால்? அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது, எலக்ட்ரிக் கடை இருக்கிறது, மேல்மாடி இருக்கிறது, பொம்மைக் கோச்சி இருக்கிறது என்றா... மேலே ஹாலிஎல ஸ்டேசன் தாண்டிவிட்டது. இறங்குகிறது. வேகம் குறைகிறது. விஜயாவுக்கு அந்தத் திருகியை மெதுவாகத் திருப்பத் தெரியும், வாராவாரம் தூசி தட்டுகிறவள். நின்றுவிட்டது. நேரே தலைக்கு மேலே, பதுளை.

சத்தமே இல்லை. பேச்சும் இல்லை. பலகைக்கு மேலே இரண்டு பெண்கள் குனிந்து நிற்கிறார்கள், ஒருத்தி விரலை நீட்டுகிறாள், அதுதான் நீங்க மதினி என்கிறாள், இதெல்லாம் கீழே இருந்துகொண்டே தெரிகிறது. ஓடிப்போய்த் தடுக்கலாம், இனி எதைத் தடுக்க? "ஞானம், ஞானம்!" ஸாஹிர் நானா வயரின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "மூணு மீட்டர் கேட்டேன், நீங்க ரெண்டுக்கு வெட்டிட்டீங்க. இத வச்சி பல்ப மாட்டுனா நான் ஏணியிலேயே குடியிருக்கணும்." மன்னிச்சுக்குங்க நானா என்று சொல்லி மறுபடியும் சுருளை எடுத்தார், அப்போது மரப்படி கிரீச்சிட்டது, விஜயாவின் கால் இல்லை, அவள் தட்தட்டென்று வருவாள், இது ஒவ்வொரு படியாக, முழங்கால் வலிக்கிறவளின் கால்.

இராக்கம்மா கடைக்குள் வந்து மேசைமேல் உள்ளங்கையை விரித்தாள். மஞ்சள் கவுன். ஜன்னலிலிருந்து பிடுங்கியதில் ஒரு கை கொஞ்சம் வளைந்திருந்தது. "தம்பி, இது யாருடா?" அவர் சுருளை மேசையில் வைத்தார். "விஜயா சொல்றா, நானாம். கைய விரிச்சிக்கிட்டு, வாயப் பொளந்துகிட்டு... எனக்கு என்ன, பேயா புடிச்சிருந்திச்சு?" ஸாஹிர் நானா சிரித்து, பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று இருமினார். "அன்னைக்கு நீங்க அழுதீங்கல்ல அக்கா," என்றார் சிவஞானம், "போக மாட்டேன்னு..." அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "யாரு, நானா? அழுதது நீடா! அப்பா தோள்ல ஒக்காந்துகிட்டு, ஸ்டேசனே கூடிப் பாக்குற மாதிரி. அக்காவும் போகக் கூடாது, இல்லாட்டி நானும் போவேன்னு ஒரே கத்து. மூக்குச் சளியெல்லாம் அப்பா தலையில." அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள், முன்பல் இல்லாத சிரிப்பு. அதற்கு முன்னே அவள் கோச்சியில் ஏறியதே இல்லையாம், அத்தை ஜன்னல் சீட்டைக் கொடுத்தாளாம், தெமோதரையில் கோச்சி ஸ்டேசனுக்குக் கீழே பூந்து சுத்தி மேல வரும் என்று அப்பா சொல்லியிருந்தாராம், எப்போது வரும் எப்போது வரும் என்று அதே நினைப்பாம். ரயில் ரயில் என்று இரண்டு நாளாகப் பேசியவள் இப்போது கோச்சி என்கிறாள் என்பதைச் சிவஞானம் கவனித்தார். அப்போ அழவே இல்லையா என்று கேட்டார். "அழுதேன். மண்டபத்துல, கேம்புல. வெயிலு, தண்ணிக்கு வரிச, அம்மா நெனப்பு. பல நாளு அழுதிருக்கேன். அது வேற கணக்கு, அத ஒன் தலையில ஏத்தாத. இங்க அழல. இங்க, ஒன்னய ஏத்தலியேன்னு எனக்குப் பாவமா இருந்திச்சு." பிறகு, ஓடின எஞ்சின் சரியா என்றாள், மேலே இருந்ததில் அதுதான் அன்றைக்கு வந்தது மாதிரி இருந்தது, அதனால்தான் எடுத்து வைக்கச் சொன்னாளாம். கரி எஞ்சின் இல்லையா என்றார் அவர். "கரியாவது? மேல ஓடிச்சே, அந்த மூஞ்சிதான், இப்பிடிப் பெரிய மூஞ்சி."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மூட்டையை இறக்கிவைத்தது, கைவண்டியிலிருந்து பொதி இறங்கியதும் வண்டியின் முன்பக்கம் தானாக மேலே தூக்குமே, அந்த மாதிரி ஒரு இலேசு, சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, ஸாஹிர் நானாவுக்கு முன்னால் கலங்கினால் என்ன. ஐம்பது வருடமாக ஒரு பிள்ளையை ஜன்னலில் கத்தவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், அவளானால் சுரங்கம் வருமா என்று பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். அக்கா மஞ்சள் கவுனை எடுத்துக்கொண்டாள், உள்ளே சீட்டில் உட்காரவைக்கிறேன், எஞ்சினைப் பாத்த மாதிரி, என்று சொல்லி, படியில் இரண்டு ஏறி நின்று திரும்பினாள். "அது சரி, அப்பாவச் செஞ்சிருக்க, அம்மாவச் செஞ்சிருக்க, போர்ட்டரக்கூடச் செஞ்சிருக்க. நீ எங்கடா?" பதிலுக்கு நிற்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் எங்கே? பிளாட்பாரத்தில் எவ்வளவோ பேர், ஒவ்வொருவராகத் தொப்பி சீவி, ஒவ்வொருவராகச் சாயம் அடித்து... தன்னைச் செய்யவே இல்லை, இவ்வளவு காலம் அது தோன்றவும் இல்லை. "இந்த முறை மூணு," என்றார் ஸாஹிர் நானா, முனையைத் தானே அளவுகோலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு. மேலே கோச்சி புறப்பட்டது. சிவஞானம் வயரை இழுத்தார், ஒன்று, இரண்டு, பெட்டிகளின் கூரையில் மழைத்தண்ணீர் ஓடியது, போர்ட்டர் தொப்பியின் ஓட்டை, எண்ணெய் தடவிய வகிடு, எல்லாம் மேலேயிருந்து, எப்போதுமே மேலேயிருந்துதானே பார்த்திருக்கிறேன், தரையில் நிற்கிற ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் வகிடு எப்படித் தெரியும்... அப்படியானால் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்ட அந்தக் கத்தல், போக மாட்டேன் என்றா அது, போவேன் என்றா?