கடலைப் பார்த்த கதவு

புயல் பாதுகாப்பு மையத்தின் கதவுக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஜீப்பில் வந்து இறங்கியதும் அதிகாரி எனக்கு அதைத்தான் காட்டினார்.

மறுநாள் மதியம் புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலிருந்து வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் கடற்கரைத் தெரு முழுவதையும் இந்த மையத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தெருவுக்கு நான்தான் தன்னார்வலன். ஒரு மஞ்சள் சட்டையும் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியும் கொடுத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இன்னும் வெளிப்பக்கமாத்தான் சார் திறக்குது."

அவர் விரலால் கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம். ஸ்டீல்."

"போன தடவையும் ஸ்டீல்தான் சார்."

போன புயலில் என் மனைவி இந்தக் கதவுக்கு வெளியே செத்தாள். நான் உள்ளே இருந்தேன். அவள் நர்ஸ். பக்கத்து வீட்டில் நடக்க முடியாத ஒரு பெரியவரை அழைத்துவரப் போயிருந்தாள். அவரோடு திரும்பி வந்தபோது காற்று கடலிலிருந்து நேராகக் கதவில் அறைந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து அவளால் இழுக்க முடியவில்லை. உள்ளிருந்து நாங்கள் தோள் கொடுத்துத் தள்ளினோம். கதவு மயிரிழை கூட நகரவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டவில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவன். படகுப் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். கடலைப் பார்த்த சுவரில், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவை ஒரு கோழிக்கூண்டுக்குக்கூட வரைய மாட்டேன். இங்கே ஏன் வைத்தார்கள் என்று விசாரித்தேன். பின்பக்கம் உப்பு மண். கார் போகாது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களின் கார் வாசலில் நிற்க வேண்டுமாம். அதனால் வாசல் சாலைப் பக்கம் வந்தது. சாலை கடற்கரையில் இருக்கிறது. கதவு உள்ளே திறந்தால் மேடைக்கு எதிரே ஒரு வரிசை நாற்காலி குறையுமாம். அதனால் வெளியே திறந்தது. இவ்வளவுதான் காரணம். ஒரு வரிசை நாற்காலி.

விசாரணை அறிக்கையில் அவளுக்கு ஒரே வரி. எச்சரிக்கையை மதிக்காமல் தாமதமாக வந்தவர். வீடு வீடாகப் போய் எச்சரிக்கை சொன்னவளே அவள்தான்.

"புயல் போகட்டும். மேல எழுதிப் போட்டு மாத்திடலாம்," என்றார் அதிகாரி.

"புயல் போனப்புறம் கதவு எதுக்கு தம்பி, மாடு கட்டவா?"

பின்னால் அத்தை நின்றிருந்தாள். என் மாமியார். ஐஸ் பேக்டரியில் ஐஸ் உடைக்கும் வேலை. மகள் போன பிறகும் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை.

"நீங்க யாரும்மா?"

"போன தடவ இங்க செத்தவளப் பெத்தவ."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வருத்தமான விஷயம்தான்மா. ஆனா இது அரசாங்கச் சொத்து, இப்ப கை வைக்க முடியாது. நீங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்ற வழியப் பாருங்க."

"யாரும் வரமாட்டாங்க. இது எலிப்பொறி. எலிப்பொறியாவது உள்ள போறப்ப திறந்திருக்கும்."

ஜீப் கிளம்பிப் போனது. நான் ஒலிபெருக்கியோடு தெருவில் இறங்கினேன்.

அத்தை சொன்னதுதான் நடந்தது. ஒருவரும் அசையவில்லை. தகரக் கூரைகளை வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை மேல் நின்ற டிரைவர் ஒருவர் இறங்காமலே பேசினார். "நாங்க வீட்டுக்குள்ளயே செத்துக்கறோம்ப்பா. கதவத் தட்டிட்டு நின்னு சாகறதுக்கு அது மேல்."

அவருக்கு என்னிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்துவிட்டது. குனிந்து முடிச்சைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியை அணைத்தேன். கடல் ஏறினால் இந்தத் தெருவில் சுவர்கூட மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும்.

பட்டறைக்குப் போனேன். வெல்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பட்டறையில் எல்லோரும் 'பொறி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மையத்துல பின்சுவர்ல ஒரு ஜன்னல் இருக்குல்ல. கம்பிய அறுத்துட்டு, கீழ தரை வரைக்கும் சுவர இடிச்சா வாசல் ஆயிடும். மேல சுவரத் தாங்கற லிண்டல் இருக்கு, கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. காத்து மறைவு வேற."

"முன்கதவையே கழட்டிட்டா?"

"காத்து உள்ள பூந்து கூரையத் தூக்கிடும்."

அவன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். "கேஸ் போடுவாங்க."

"போடட்டும்."

"நீ ஒரே மூச்சுல இவ்வளவு பேசி எத்தன நாளாச்சு மச்சான்." டப்பாவை மூடினான். "கேஸ் போட்டா உன் பேர முதல்ல சொல்லுவேன். எனக்குப் பொண்டாட்டி இருக்கா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல. வா."

மதியம் முழுவதும் தீப்பொறி பறந்தது. கம்பி விழுந்தது. நான் சம்மட்டியை எடுத்தேன். முதல் அடியில் சிமெண்ட் பூச்சு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவது அடியில் செங்கல் தெரிந்தது. அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கிக்கு வராத தெரு, சம்மட்டிச் சத்தத்துக்கு வந்தது. முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு உளி கொண்டுவந்தார்கள். அத்தை ஐஸ் பேக்டரிப் பெண்களோடு ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் பேக்டரியின் பழைய குளிர் அறைக் கதவு கிடந்தது. ஒரு சாண் தடிமன்.

"கேட்டு எடுத்தீங்களா அத்த?"

"அவங்க கேட்டா பதில் சொல்லிக்கலாம், மாப்பிள்ள. நீங்க உள்பக்கமா திறக்கற மாதிரி மாட்டுங்க."

படி இல்லை. முன்வாசலில் புகைப்படத்துக்காக அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து பின்னால் படியாகப் போட்டோம்.

வெளிச்சம் மங்கும்போது ஜீப் திரும்பி வந்தது. அதிகாரி சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். உப்புச் சேறு அவர் ஷூவைப் பிடித்துக்கொண்டது.

"யார் இத இடிச்சது? பொதுச் சொத்துக்குச் சேதம் பண்ணியிருக்கீங்க. எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டுடுவேன்."

"போடுங்க சார்," என்றான் பொறி. "இப்பதான் உள்ள போக நல்ல வழி இருக்கு."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்மட்டி இன்னும் கையில்தான் இருந்தது. கீழே வைத்தேன்.

"லேட்டா வந்தாள்னு எழுதினீங்களே சார். எங்க போயிட்டு வந்தாள்னு எழுதினீங்களா?"

"அப்ப நான் இங்க இல்ல. அது எனக்கு முன்னாடி இருந்தவர்."

"கதவு இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு. நீங்க பெயிண்ட் அடிச்சீங்க."

அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் நகரவில்லை. "நான் எதையும் பார்க்கல. நான் இந்தப் பக்கம் வரவே இல்ல," என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

அன்று இரவே தெரு மூட்டை முடிச்சோடு உள்ளே வந்து படுத்துவிட்டது. கூரை மேல் நின்ற டிரைவரின் குடும்பம் மட்டும் வரவில்லை. இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மதியம் காற்று வந்தது. பச்சைக் கதவு சட்டத்தோடு சேர்ந்து முனகியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. பச்சைக் கதவில்.

யாரோ பயத்தில் பழகிய பக்கமே ஓடி வந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் 'பின்பக்கம் வாங்க' என்று கத்தினேன். காற்று அதைத் தின்றுவிட்டது. தட்டல் நிற்கவில்லை. என் கால்கள் மட்டும் எழுந்துகொண்டன. அத்தை அதற்குள் வலைக்கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"சுவர ஒட்டியே போங்க. நான் விடமாட்டேன்."

பின்கதவை இழுத்தேன். சுலபமாகத் திறந்தது. வேலை அரை நாள்தான். யாராவது அரை நாள் செய்திருக்கலாம்.

சுவரை ஒட்டி ஊர்ந்து மூலையைத் திரும்பினேன். டிரைவரும் அவர் மனைவியும் கதவோடு ஒட்டிக் கிடந்தார்கள். அவர் தட்டிக்கொண்டிருந்தார், அவள் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைக் கழுத்தையும் அவள் கையையும் பிடித்துக் கயிற்றின் பக்கம் இழுத்தேன். கயிறு எங்களைப் பின்பக்கம் இழுத்தது. உள்ளே விழுந்தபோது அத்தையின் கையில் தோல் உரிந்திருந்தது. அவள் டிரைவரைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள சாகறேன்னியே. என்ன ஆச்சு?"

"வீடு போயிடுச்சுக்கா."

"சரி, போய் ஓரமா உக்காரு."

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. தெரு இல்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஜீப் வந்தது, கேமராக்காரர் ஒருவரோடு. முன்வாசலில் மணல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து பச்சைக் கதவைத் திறக்க முடியாதபடி அடைத்திருந்தது. அதிகாரி சுற்றிப் பின்பக்கம் வந்தார். மணல் மூட்டைகளில் ஏறி, நாங்கள் இடித்த வாசலில் நின்று கேமராவைப் பார்த்தார்.

"மாற்று வழி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருந்தோம்," என்றார்.

அத்தை எழுந்து போனாள். உரிந்த கையைக் கதவில் வைத்தாள்.

"இது எங்க ஏற்பாடு தம்பி. உங்க ஏற்பாடு அந்தப் பக்கம் இருக்கு. அது வழியா வாங்க."

கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பச்சைக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.